எங்களுக்குப் பொருந்திய வள்ளம்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியதை நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அடுப்புக்கு எண்ணெய் தேடியவர்களுக்கு அது ஒரு கஷ்டம். சின்ன இயந்திரம் பூட்டிய படகை நம்பிச் சீவிக்கும் குடும்பங்களுக்கு அது வேறு கஷ்டம். எண்ணெயே இல்லாமல் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள் போதாதென்று, இப்போது கிடைத்தாலும் வாங்க முடியாது என்ற நிலை வந்தது. அந்தக் கிழமையில் ஒரு நாள், அசர் தொழுதுவிட்டு என் தம்பி வீட்டுக்கு வந்தான். கொடுத்த தேநீரை வாயில் வைக்கவில்லை.

“ராத்தா, வாப்பாட பாய் இன்னும் இருக்கா?” என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற என் மருமகள் கண்டிப் பக்கத்துப் பிள்ளை. “படுக்கிற பாயா மாமி?” என்றாள். தம்பி சிரித்துவிட்டான். அவன் கேட்டது வள்ளத்தில் கட்டும் பாய். அது எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தது. பல வருடமாக யாரும் அதை விரித்ததில்லை.

இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, களப்பில் ஓடப் பழைய பாய் வள்ளம் ஒன்று வாங்கப் போகிறானாம். மூன்று இடத்தில் பேசி வைத்திருக்கிறான். கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினான். ஒன்று நீலமும் வெள்ளையுமாகச் சாயம் பூசிப் பளபளவென்று இருந்தது. “இது எப்படி?” என்றான். “படத்துக்குள்ள தண்ணி ஒழுகாது தம்பி” என்றேன். “அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட வந்தன்” என்றான்.

கடலுக்குப் போகாத ஒரு பொம்பிளையை ஏன் கூப்பிடுகிறான் என்று வாசிக்கும் சகோதரிகள் நினைக்கலாம். 1993இல் எங்கள் வாப்பா பழைய வள்ளம் ஒன்று வாங்கியபோது கூடவே போனவள் நான். அந்தக் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

நாங்கள் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் கடைசியில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் போல எங்களையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அந்த நாட்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாப்பாவிடம் 26 அடி வள்ளம் ஒன்று இருந்தது. பெருங்கடலுக்கே போய் வரும் வள்ளம். ஆனால் அந்தக் கிழமை அது கரையில் கவிழ்த்துக் கிடந்தது. மாரி தொடங்குமுன் கலப்பத்து அடிப்பதற்காக, அதாவது பலகைச் சந்துகளில் பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துப் புதுப் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவதற்காக, சந்தெல்லாம் திறந்து வைத்திருந்தார். திறந்த சந்தோடு வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க ஏலாது. ஆகவே சொந்தமாக வள்ளம் வைத்திருந்த மனுஷன், மற்றவருடைய வள்ளத்தில், மழையில் நனைந்து, சாமான் மூட்டை மாதிரிக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார். “இன்னும் நாலு நாள் இருந்திருந்தா” என்று பிறகு எத்தனையோ இரவு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கற்பிட்டி மக்கள் எங்களைக் கரையில் வைத்தே ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிவாசலில் சோறு போட்டார்கள். பிறகு ஆலங்குடாப் பக்கத்தில் ஓலைக் கொட்டில். வாப்பா மற்றவர்களின் படகில் பங்குக்குப் போனார். படகு இல்லாத நாளில் வெங்காயத் தோட்டத்தில் கூலி. உம்மாவும் தங்கையும் கிடுகு பின்னினார்கள். அயல்வீட்டு மாமி ஒருத்தி தன் தையல் இயந்திரத்தை எனக்கு இரவல் தந்தா. பள்ளிக்கூடச் சட்டையும் பாவாடையும் தைத்து, அந்தக் காசில் சீட்டுக் கட்டினேன். 1993இல் சீட்டு எடுத்தபோது கையில் ஐயாயிரம் ரூபா இருந்தது. அதோடு, வரும்போது உம்மா கொண்டுவர முடிந்த ஒரேயொரு பவுன் சங்கிலி. இரண்டும் என் கலியாணத்துக்கு என்று பேச்சு. எனக்கு அப்போது 22 வயது.

வள்ளம் வாங்கலாம் என்று முதலில் சொன்னது உம்மாதான். பங்குக்குப் போகிறவனுக்கு வருவது மீனில் கடைசிப் பங்கு. கடன் வாங்கி வள்ளம் எடுத்தாலோ, முற்பணம் தரும் முதலாளிக்கே அவர் சொன்ன விலைக்கு மீனைக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதற்குள் ஒன்று வாங்கினால் மீன் நம்முடையதாக இருக்கும் என்று உம்மா கணக்குச் சொன்னா. வாப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. “அது புள்ளட காசு” என்றார். “தாங்க வாப்பா. வள்ளம் இருந்தா காசு வரும், காசு இருந்தா வள்ளம் வராது” என்று ஏதோ சொல்லிவிட்டேன். அர்த்தம் சரியோ என்னமோ, வாப்பா சிரித்தார். “பாய் சீலையைப் பார்க்க உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவன். தைக்கிறவள் நீதானே” என்றார்.

இயந்திரம் பூட்டிய படகைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. இயந்திரத்தின் விலை வள்ளத்தின் விலையைவிட அதிகம். எண்ணெய்க்கு நாள்தோறும் காசு வேண்டும். அந்தப் போர்க்காலத்தில் கெடுபிடிகளும் இருந்தன. காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை.

முதலில் பார்த்தது 24 அடி வள்ளம். பெருங்கடல் பக்கத்தில் மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். உயர்ந்த அணியம், பச்சைச் சாயம், கண் எடுக்க முடியாத வடிவு. இருபதாயிரம் கேட்டார்கள். பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை முதலாளி ஒருவரிடம் முற்பணமாக வாங்கலாம் என்று விற்கிறவரே வழியும் சொன்னார். பழைய வள்ளத்தில் புதுச் சாயம் இருந்தால் முதலில் சாயத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே வாப்பாதான். ஆனால் அன்றைக்கு அவர் சுரண்டவில்லை. உள்ளங்கையால் பலகையைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். பிறகு திரும்பி நடந்தார். தொட்டில் பிள்ளையைத் தடவுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நான் பார்த்தது வேறொன்று. அந்த வள்ளத்தை அசைக்கக் கரையில் ஆறு ஆண்கள் நின்றார்கள். பெரிய பாயை ஏற்ற இருவர், கயிற்றுக்கு ஒருவர், சுக்கானுக்கு ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் வாப்பாவும் 14 வயதுத் தம்பியும். வாப்பாவுக்கு இடது முழங்கால் சரியில்லை. நனைந்த மணலில் நடந்தாலே அன்றிரவு தைலம் தேய்க்க வேண்டும். ஆனாலும் நான் ஒன்றும் பேசவில்லை. சீலையைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தது. வெயில் பாய்ச்சீலையைத் தின்றுவிடும். தையல் கெட்டியாக இருக்கும், தையலுக்குப் பக்கத்துச் சீலை விரலால் இழுத்தால் கிழியும். அதை மட்டும் வாப்பாவிடம் சொன்னேன். “சீலையை மாத்தலாம்” என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தது சிலாபப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஒருவா. நீர்கொழும்புக் கரையில் பாய் விரித்துப் போகும் ஒருவாவைப் படத்திலாவது கண்டிருப்பீர்கள். ஒடுக்கமான வள்ளம், ஒரு பக்கம் இரண்டு வளைந்த கம்புகளில் கட்டிய மிதவைக் கட்டை. ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே கட்டியிருப்பார்கள். அலைக்கு நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. நல்ல காற்றில் அது ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டுமானால் வள்ளத்தைத் திருப்புவதில்லை. பாயையும் சுக்கானையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மாற்றி, பின்புறத்தை முன்புறமாக்கி ஓட்டுவார்கள். காற்று பலத்தால் ஆட்கள் அந்தக் கம்பில் ஏறிப் போய்க் கட்டையின் மேல் பாரமாக நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு அது விளையாட்டு. 54 வயதில், முழங்கால் நோவோடு பழகத் தொடங்குகிறவருக்கு அது அல்ல. வாப்பா அதில் ஏறி இறங்கினார். “நல்ல சாமான். எனக்கில்லை” என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

பச்சை வள்ளத்தைத்தான் விட முடியவில்லை. மூன்று இரவு அதே பேச்சு. பக்கத்துக் கொட்டிலில் எங்களைப் போலவே வந்திருந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். மஃரிபுக்குப் பிறகு எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார். வாப்பா அவரிடம், வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்காக்காரன் ஒருவன் வாங்கி, நம் நாட்டு மாலுமிகளோடு அமெரிக்கா வரை ஓட்டிப் போன கதையைச் சொன்னார். வடக்குக் கரையில் அது தெரியாத கடலோடி இல்லை. ஆசிரியருக்கு அந்தக் கதை இன்னும் விபரமாகத் தெரியும். வாங்கியவர் பெயர் வில்லியம் அல்பேட் றொபின்சன். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். அது 1938இல் குளோஸ்டர் துறையில் போய்ச் சேர்ந்தது. “ஆனா காக்கா, அதுக்கு முந்தி அந்த மனுஷன் உலகத்தையே சுத்தினது 32 அடிப் பாய்ப் படகில. கூட ஒரு ஆள்தான். 1931இல முடிச்சிட்டார். ஆள் பலமும் காசும் வந்த பிறகுதான் பெரிய கப்பல்” என்றார் ஆசிரியர். வாப்பா வெற்றிலையை மென்றுகொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அவருக்குக் கோபம் என்று உம்மா பிறகு சொன்னா.

அன்றிரவு நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று பாதி வாக்கியத்திலேயே தோன்றியது. “வாப்பா, அதைக் கரைக்கு யார் இழுக்கிறது? ஆம்பிளைகள் எல்லாரும் கடலுக்குப் போன நேரம் நீங்க வந்தா, உம்மாவும் நானும் தங்கச்சியும்தானே இழுக்க வேணும்? இந்த மூணு பேராலயும் அது அசையுமா?”

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இருட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சின்ன வள்ளத்தை எடுத்தா களப்புக்குள்ளயே கிடக்க வேணும் மகள். பெரிசு எண்டா, திரும்பிப் போகச் சொல்ற நாளைக்கு உங்க எல்லாரையும் ஏத்திக்கொண்டு நானே போவன். இன்னொருத்தன்ட வள்ளத்தில ஏற மாட்டன்.”

அவர் மீன் பிடிக்க வள்ளம் தேடவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. யாரும் அதற்கு மேல் பேசவில்லை. சகோதரிகளே, அந்த இரவைப் பற்றி இன்றைக்கும் எனக்கு இரண்டு மனம்தான். சின்ன வள்ளத்தை எடுங்கள் என்று சொல்வது, ஊர் இல்லை என்று சொல்வதைப் போல இருந்தது. சொல்லாவிட்டால் அடுத்த மாரிக்குச் சோறு இல்லை.

காலையில் வாப்பாவே சொன்னார். “களப்புப் பக்கம் ஒண்டு இருக்காம். பார்த்திட்டு வருவம்.”

மூன்றாவது வள்ளத்தின் சொந்தக்காரர் கடலை விட்டுவிட்ட வயோதிபர். கண் மங்கிவிட்டது. வள்ளம் 17 அடி. சாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வருடா வருடம் மீனெண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப் போன மரம். அடி ஒரே மரத்தில் குடைந்தது. அதன் மேல் இரு பக்கமும் ஒவ்வொரு பலகை ஏற்றியிருந்தது. தம்பி அதைக் கண்டதும் “இதா?” என்றான். வாப்பா அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று அவர் வள்ளம் பார்த்ததைத்தான் நான் விபரமாகச் சொல்ல வேண்டும். முதலில் பின்புறத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடி, ஏராவை நீளத்துக்குப் பார்த்தார். பழைய வள்ளங்கள் நடுவில் மேலெழும்பி இரு முனையும் தொங்கிப் போகும். அப்படி முதுகு வளைந்தது நேராக ஓடாது. இது நேராக இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கத்தில்தான் அதிகம் குத்திப் பார்த்தார். அணியத்தின் உள் மூலை, பலகை வந்து சேரும் இடம், பாய்மரத்தின் கால் நிற்கும் குழி. “ஏன் வாப்பா அங்க?” என்று கேட்டேன். “உப்புத் தண்ணி மரத்தைக் காப்பாத்தும். மழைத் தண்ணி தேங்கிற இடம்தான் உக்கும்” என்றார். எனக்கு அது புதுச் செய்தி. கடல் தண்ணீர்தான் வள்ளத்தைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன். நல்ல மரத்தில் கத்தி முனை நிற்கும், உக்கிய மரத்தில் ஊறுகாய்க்குள் போவது போலப் போகும்.

பிறகு அடிப்பக்கம். கப்பல் புழு என்று ஒன்று இருக்கிறது. புழு என்று சொன்னாலும் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் துளையளவு ஓட்டை போட்டு உள்ளே போகும். உள்ளே வளர்ந்து விரல் மொத்தத்துக்கு மரத்தைக் குடையும். வெளியில் பார்த்தால் துளைதான் தெரியும். ஆகவே வாப்பா கத்திப் பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டி, காதை வைத்துக் கேட்டார். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு அந்த வித்தை தெரியாததல்ல. ஒரிடத்தில் மட்டும் சத்தம் மாறியது. கிழவர் மறைக்கவில்லை. “அந்த இடத்தில முந்திப் புழு அடிச்சது. ரெண்டு மாசம் கரையில ஏத்திக் காய விட்டு, துண்டு வச்சுத் தைச்சிருக்கு” என்று தானே சொன்னார். மரம் தண்ணீரில்லாமல் காய்ந்தால் புழு செத்துவிடும். குற்றத்தைத் தானே சொல்கிற ஆளிடம் வாங்கலாம் என்று வாப்பா என் காதில் சொன்னார்.

அதற்கும் மேல் அவர் ஒன்று செய்தார். வள்ளத்தை அன்று தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டு வரச் சொன்னார். கரையில் காய்ந்திருந்த வள்ளம் இறக்கியவுடன் ஒழுகத்தான் செய்யும். மரம் ஊறிப் பருத்தால் சந்து தானாக இறுகும். ஒரு இரவு கழித்தும் ஒழுகினால்தான் கவலை. சுபஹுக்குப் பிறகு போனோம். உள்ளே நாலு சிரட்டைத் தண்ணீர் இருந்தது. அதை இறைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு சிரட்டை சேரவில்லை.

சீலை என் பொறுப்பு. காடாத் துணி, கண்டல் பட்டை அவித்த சாயத்தில் தோய்த்துச் செங்காவி நிறமாக இருந்தது. பட்டைச் சாயம் சீலையை உக்கவிடாது. சூரியனுக்குப் பிடித்தேன், நடுப்பகுதி நன்றாக இருந்தது. ஓரத்தில், கயிறு வைத்துத் தைத்த இடத்தில், நூல் இற்றுப் போயிருந்தது. மூலைகளில் போட்ட ஒட்டு யாரோ கையால் நெருக்கமாகத் தைத்தது. “ஆர் தைச்சது?” என்று கேட்டேன். கிழவர், தன் மனைவி என்றார். மௌத்தாகி இரண்டு வருடமாம். நான் அந்தத் தையலைப் பிரிக்கவே இல்லை. அதன் மேலேயே என் தையலைப் போட்டேன்.

அப்புறம் தம்பியை ஏற்றிக்கொண்டு வாப்பா பாய் விரித்தார். கரையில் நின்று பார்த்தேன். சோளகம் தொடங்கும் காலம், காற்று சும்மா இல்லை. பாய்க்கயிற்றைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, வாப்பா நடுக் களப்பில் சுக்கானிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. வள்ளம் மெதுவாக அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பியது, பாய் படபடத்தது, வள்ளம் நின்றது. வந்து சொன்னார்: “சுக்கானை விட்டா காத்துக்கு முகம் குடுத்து நிக்குது. முதுகைக் காட்டி ஓடுற வள்ளமும் இருக்கு. அதில ஒரு ஆள் விழுந்தா, மற்ற ஆளை விட்டிட்டு ஓடும். இதில பொடியன் விழுந்தாலும் எனக்கு எடுக்கலாம். நான் விழுந்தாலும் அவன் எடுப்பான்.”

தம்பியின் உள்ளங்கை சிவந்திருந்தது, தோல் உரியவில்லை. அந்தப் பாய் அவன் கைக்குச் சரி. வாப்பா ஒரு பக்க ஓரத்தில் ஏறி நின்று பார்த்தார். வள்ளம் சாய்ந்து, ஒரு இடத்தில் தாங்கிக்கொண்டு நின்றது. ஈர வலையோடு இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அது. களப்பு பல இடங்களில் ஆள் மட்டத்துக்கும் குறைவு. சாதாளை மண்டிக் கிடக்கும். ஏரா ஆழமான வள்ளம் அங்கே தட்டி நின்றுவிடும், கரைக்கு எட்ட நங்கூரம் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வர வேண்டும். இது நேரே கரையில் வந்து முட்டியது. வாப்பா முழங்கால் நனையாமல் இறங்கினார்.

கடைசியாக உம்மாவைப் பார்த்து, “இழுங்க பாப்பம்” என்றார். உம்மா, நான், தங்கை. இரண்டு பனங்குற்றியை அடியில் உருட்டிவிட்டு மூன்று பேரும் பிடித்து இழுத்தோம். பிஸ்மில்லாஹ் என்று உம்மா சொன்ன சத்தம் அயலுக்கே கேட்டிருக்கும். வந்தது.

எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபா. சங்கிலியை விற்றோம். பள்ளிவாசல் மௌலவி முன்னால் இரண்டு சாட்சி வைத்து எழுதினார்கள். வள்ளத்தின் அளவு, பாய் ஒன்று, சுக்கான் ஒன்று, புழு அடித்து ஒட்டு வைத்த இடம் உட்பட எல்லாம் எழுத வேண்டும் என்று கிழவரே நின்றார். மிச்சம் இருந்த காசில் வலைக் கயிறும் எனக்கு ஒரு பெட்டி தையல் ஊசியும் வாங்கினோம்.

அந்த வள்ளத்தில் பெரிய மீன் வந்ததே இல்லை. நண்டு, இறால், ஒட்டி, திரளி. ஆனால் முதலாளி யாருக்கும் கடன் இல்லாததால் காலையில் யார் நல்ல விலை சொன்னாரோ அவருக்குக் கொடுத்தோம். இரண்டு வருடத்தில் என் கலியாணம் நடந்தது, சின்னதாக. அதன் பிறகும் சீலை கிழிந்தால் வாப்பா என் புகுந்த வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வருவார். மாமியார் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டா. பிறகு மூலையைப் பிடித்துத் தந்தா.

2002இல் போர் நிறுத்தம் வந்தபின் அடுத்த வருடம் வாப்பா ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தார். வள்ளத்தில் அல்ல, அநுராதபுரம் சுற்றி பஸ்ஸில். கவிழ்த்து வைத்த இடத்தில் அவருடைய 26 அடி வள்ளம் இல்லை. யார் எடுத்தார்கள், விறகாகப் போனதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லையாம். மண்ணைக் கிளறியபோது கிடைத்ததென்று துருப்பிடித்த ஆணி இரண்டைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்தார். அடுத்த வருடமே வபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக. 17 அடி வள்ளத்தைத் தம்பி சில காலம் ஓட்டினான். பிறகு பைபர் படகும் இயந்திரமும் வந்தன. பாயை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்தேன்.

2022இல் அந்தப் பாயைப் பரணிலிருந்து இறக்கி முற்றத்தில் விரித்தபோது, எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. விரலால் இழுத்தேன், பொரியாகக் கிழிந்தது. அந்தக் கிழவரின் மனைவி போட்ட ஒட்டு மட்டும் கிழியவில்லை. அதைச் சுற்றி வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தம்பியோடும் அவன் பெண்சாதியோடும் போனேன். தம்பிக்கு அப்போது 43 வயது. மூத்தவன் கட்டாரில் வேலை. இளையவள் படித்துக்கொண்டிருந்தாள். படத்தில் பளபளத்த நீல வள்ளத்தின் பாய்மரக் குழியில் தம்பி கத்தியை வைத்தான். பிடிவரை போனது. விற்கிறவர் வேறு பக்கம் பார்த்தார். இரண்டாவது நல்ல வள்ளம், 22 அடி. தம்பி அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். அவன் கை பலகையைத் தடவத் தொடங்கியதைக் கண்டு நான் செருமினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாவது 15 அடி, கறுப்பு, கண்டல் பற்றைக்குள் கட்டிக் கிடந்தது. தம்பி உள்ளே இறங்கித் தட்டித் தட்டிக் காதை வைத்தான். சீலை பிளாத்திக்குச் சாக்கு; எடுத்து எறிய வேண்டியதுதான், புதிது நான் தைக்கலாம். அவன் பின்புறத்தில் போய் உட்கார்ந்து, வாப்பாவைப் போல ஒரு கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவன் பெண்சாதி என் பக்கத்தில் நின்றவள், ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். இரண்டு கையாலும் அணியத்தைப் பிடித்து ஒரு தடவை இழுத்தாள். அவனையும் சேர்த்து வள்ளம் அசைந்தது.